தாரை வார்த்த காட்சி

அத்தியாயம் பதினான்கு

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள், அந்தக் கல்யாணத்தை டிவிடியில் எழுதிப் பார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவர்கள் காலத்தில் அந்தத் தொல்லை இல்லை. பிழைத்தார்கள்.

ஹேமநாதனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, கண்ணில் மிளகாயைத் தேய்த்ததுபோல எரிச்சலோடு உலு திராம் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். சனிக்கிழமைக் காலை. உள்ளே வந்தவன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. கூடத்து மூலையில் சாமி மாடத்துக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரைத்தான் பார்த்தான்.

"முடிஞ்சிருச்சா?"

"வீடியோவ மாத்துறது முடிஞ்சிருச்சு. எழுதுறதுக்கு நீங்க வரட்டும்னு விட்டுட்டேன்," என்றாள் ஷாந்தினி. அவளும் தூங்கியதாகத் தெரியவில்லை. "மொதல்ல பசியாறுங்க."

"எழுதிட்டுச் சாப்பிடுறேன்லா."

இந்த அவசரம் ஏன் என்று போன வாரம் கூட இருந்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

ஷாந்தினியின் அப்பா ஐயாத்துரை, பொதுப்பணித் துறையில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வேர், ஜோகூர் பாருவில் வீடு. ரப்பர் தோட்டத் தொழிலாளி வம்சத்தில் வந்த ஹேமநாதனை மகள் கட்டிக்கொண்டபோது மனுஷர் கல்யாணத்துக்கு வரவும் இல்லை, மனைவி அன்னபாக்கியத்தை விடவும் இல்லை. மூன்று வருஷமாக மகளோடு ஒரு பேச்சில்லை. இப்போது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் மூத்த மகன் சிறீகாந்தனோடு ஒரேயடியாகப் போய்விடப் போகிறார்கள். நாளைக்கு விமானம்.

அப்படிப்பட்டவர் போன வாரம் அன்னபாக்கியம் மூலமாக ஒரு சேதி அனுப்பினார். கல்யாண வீடியோவைக் கொண்டுவரச் சொல். டிவிடியில் வேண்டும். கைப்பேசியில் காட்டுகிற பொம்மைப் படம் தன் கண்ணுக்குப் பிடிபடாது. அவர் வீட்டுத் தொலைக்காட்சியோ பென்டிரைவ் என்றால் என்னவென்று கேட்கும் வயசு.

இரண்டு பேரும் விழுந்தடித்துக் கொண்டு போனார்கள். ஹேமநாதன் வீடியோக் கோப்பை அப்படியே இழுத்து டிஸ்க்கில் போட்டிருந்தான். அவன் கம்ப்யூட்டரில் ஓடியது. மாமனாரின் பழைய பிளேயர் அதை உள்ளே இழுத்து, சுற்றிப் பார்த்து, 'டிஸ்க் இல்லை' என்றது. ஐயாத்துரை அதை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மகளிடம் நீட்டினார். "மேலுக்கு நல்ல மினுக்கம். உள்ளுக்க ஒண்டுமில்லை. நான் அண்டைக்கே சொன்னனான்," என்றார்.

அவ்வளவுதான். ஷாந்தினி காரில் திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். ஹேமநாதனுக்கு அந்தச் சொல் நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது. அதனால்தான் இன்றைக்கு மாலைக்குள், சரியான முறையில், பழைய பிளேயர் படிக்கும் டிவிடியாக மாற்றி எழுதியாக வேண்டும். கடைசி வாய்ப்பு இது.

வெற்று டிஸ்க் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. உலு திராமில் நாலு கடை ஏறி இறங்கிய பிறகு, ஒரு கைப்பேசிக் கடையின் சீன முதலாளி, தவுக்கே, பின்பக்கம் போய்த் தூசி தட்டி எடுத்துவந்தார். இருந்ததே மூன்று. வீடியோ நீளம், ஒன்றில் அடங்காது, இரண்டு டிஸ்க் பிடிக்கும். ஒன்று உபரி.

ஹேமநாதன் முதல் டிஸ்க்கை, டிவிடி எழுதும் பர்னரில் வைத்தான். வேகத்தைக் குறைத்துவைத்தான், மெதுவாக எழுதினால் பழைய பிளேயர் நன்றாகப் படிக்கும் என்று எங்கோ படித்திருந்தான். பர்னர் இரண்டு முறை இருமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. எழுதுவதைக் காட்டும் பச்சைக் கோடு நகரக்கூட இல்லை. திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. லேசரின் சக்தியைச் சரிபார்க்க முடியவில்லையாம்.

"அலமாக்!"

"என்னாச்சு?"

"ஒரு டிஸ்க் போச்சு."

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ஒயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினான். மற்ற எல்லாவற்றையும் மூடினான். இரண்டாவது டிஸ்க்கை வைத்துவிட்டு, மேலே மாடத்தில் இருந்த முருகனை ஒரு பார்வை பார்த்தான். இந்தத் தடவை கோடு நகர்ந்தது. பாதியைத் தாண்டியது. ஷாந்தினி பசியாறலைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள். மூச்சுவிட்டால் நின்றுவிடுமோ என்பதுபோல இருவரும் அசையாமல் பார்த்தார்கள்.

நின்றுவிட்டது. எழுதுவதில் பிழை. பர்னரின் தட்டு தானாகவே வெளியே வந்து நாக்கை நீட்டியது.

"ரெண்டும் போச்சா?" என்றாள் ஷாந்தினி. "இன்னும் ஒண்ணுதானே இருக்கு?"

 ஹேமநாதன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு நீட்டிய தட்டையே பார்த்தான். மெல்லிசான பர்னர் அது. தட்டு வெளியே வந்தால் லென்சும் கூடவே வரும். கடுகளவு கண்ணாடி. அதன்மேல் என்னவோ பழுப்பாகப் படிந்திருந்தது. கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். விரல் நுனியால் தட்டின் ஓரத்தைத் தொட்டு மோந்து பார்த்தான்.

"ஷாந்தி. இங்க வந்து மோந்து பாரு."

அவள் குனிந்து மோந்தாள். "சாம்பிராணி!"

இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். கூடத்தில் பிளக் இருக்கும் ஒரே மூலை அது. அதனால் மின்விளக்கு வைத்த மாடமும் அங்கே, கம்ப்யூட்டரும் அங்கே. மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் ஷாந்தினி போட்ட புகை, சாமிக்குப் போனது போக மிச்சம் பர்னருக்குள்தான் போயிருக்கிறது. நேற்றும் வெள்ளிக்கிழமை. காரியம் நல்லபடியாக முடியட்டும் என்று ஒரு கை கூடவே அள்ளிப் போட்டிருந்தாள்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டேங்குறாரே," என்றான் ஹேமநாதன்.

ஷாந்தினிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றாள். அவள் பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவள். கைப்பையில் ஸ்பிரிட் பஞ்சு இருந்தது. எடுத்துவந்து கொடுத்தாள். தொழிற்சாலையில் தீ கண்டுபிடிக்கும் கருவிகளின் கண்ணாடியைத் துடைத்துப் பழகிய கை அவனுடையது. பாப்பாவின் கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதுபோலத் துடைத்தான். பஞ்சு காப்பி நிறமாக வந்தது.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் அடுத்தது வந்து நின்றது. இருப்பது ஒரு டிஸ்க். வீடியோவோ அதைவிடக் கொஞ்சம் நீளம்.

"நசுக்கி உள்ளுக்குத் தள்ளலாம்," என்றான். "ஆனா முகமெல்லாம் கலங்கலாத் தெரியும்."

"வேணாம். அப்பாவுக்குக் கண்ணுல புரை. அப்புறம் அதுக்கு ஒரு சொல்லு சொல்வாரு."

"அப்ப வெட்டணும்."

யோங் பெங் கோயிலில் நடந்த கல்யாணத்தை வீடியோக்காரர் வீரமுத்து ஐந்து பகுதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, தாரை வார்த்தது, தாலி கட்டியது, விருந்து. ஹேமநாதன் மவுசை விருந்தின்மேல் கொண்டுபோனான்.

"இத எடுத்துட்டாச் சரியாயிரும். ஜனங்க சாப்பிடுறத யாரு பார்ப்பா?"

"அத எடுக்காதீங்க."

"ஏன்?"

"அதுலதான் நான் சிரிக்கிறேன்," என்றாள் ஷாந்தினி. "மணவறையில பூராவும் அழுதுக்கிட்டே இருந்தேன். அப்பா நான் சிரிக்கிறதப் பார்க்கணும். நல்லா இருக்கேன்னு தெரியணும்."

"அப்ப எத?"

 அவள் விரலை நீட்டினாள். மூன்றாவது பகுதி.

பெற்றவர் மணவறையில் உட்கார்ந்து, மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, தண்ணீர் விட்டுத் தாரை வார்க்க வேண்டும். ஐயாத்துரை வரவில்லை. முகூர்த்தம் நெருங்கியது. ஐயர் அவசரப்படுத்தினார். ஹேமநாதனின் ஷிப்ட் சூப்பர்வைசர் ராஜசேகரன், சாப்பிட வந்த மனுஷர், சட்டையைக் கழற்றிவிட்டு மனைவியோடு மணவறையில் ஏறி உட்கார்ந்தார். இரத்த சம்பந்தம் இல்லை. அதுவரை ஷாந்தினியைப் பார்த்ததுகூட இல்லை. அவர்தான் அவள் அப்பா இடத்தில் இருந்து அவளைக் கொடுத்தார்.

"இத அப்பா பார்த்தா தாங்கமாட்டாரு," என்றாள். "தன்னோட இடத்துல யாரோ ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறத எப்படிங்க பார்ப்பாரு? எந்திரிச்சுப் போயிருவாரு. அதோட எல்லாம் முடிஞ்சிரும்."

"இது இல்லாம கல்யாணமே இல்லையே, ஷாந்தி."

"எடுத்துருங்க. ப்ளீஸ்."

ஹேமநாதனுக்கு மனம் ஒப்பவில்லை. ராஜசேகரன் அன்றைக்கு மட்டும் எழுந்திருக்காவிட்டால் மானம் கப்பலேறியிருக்கும். அந்த மனுஷரை ஓர் அழுத்தில் எடுத்து எறிவது நன்றி கெட்ட வேலையாகப் பட்டது. ஆனால் அவனுக்கு வாதாடத் தெம்பில்லை. தூக்கம் பிடரியில் ஏறி உட்கார்ந்திருந்தது. மூன்றாம் பகுதியை இழுத்து ஓரமாக, 'வேண்டாதவை' என்று பெயர் வைத்திருந்த பெட்டிக்குள் போட்டான். கம்பெனிப் பாதுகாப்பு வகுப்பு வீடியோக்கள், பார்த்து முடித்த படங்கள் எல்லாம் அதற்குள் கிடந்தன.

கம்ப்யூட்டரைத் திரும்பவும் மாற்றச் சொன்னான். இப்போது திரையில் இன்னொரு சிவப்புப் பெட்டி வந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை.

"இது ஒண்ணுதான் குறைச்சல்," என்று முனகினான். ஷாந்தினி குளிக்கப் போயிருந்தாள். கண்ணிமை இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. எதை அழிக்கலாம் என்று தேடினான். 'வேண்டாதவை' கண்ணில் பட்டது. நல்ல கனமான பெட்டி. அதையும், ராத்திரி மாற்றிவைத்த பழைய கோப்பையும் மொத்தமாக அழுத்தி, குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாதபடி ஒரேயடியாக அழித்தான். இடம் தாராளமாகத் திறந்துகொண்டது. மாற்றும் வேலையும் ஓட ஆரம்பித்தது. அழித்த இடத்தின் மேலேயே, ஹார்ட் டிஸ்க்கே நிறைந்துபோகும் அளவுக்குப் புதுக்கோப்புகள் வந்து விழுந்தன.

மூன்றாம் பகுதியும் அதற்குள்தான் இருந்தது என்று அந்தச் சமயத்தில் அவனுக்கு உறைக்கவில்லை. வீரமுத்து கொடுத்த பென்டிரைவ் போன வருஷமே செத்துப்போய், தூக்கிப் போட்டாயிற்று. அவர் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது குளிர்பானக் கடை. வீரமுத்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்வி. ஹேமநாதன் நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போனான். அவனை யார் குறை சொல்வது? இரவெல்லாம் கண் விழித்த மனுஷன்.

மத்தியானத்துக்கு மேல் ஷாந்தினி தட்டி எழுப்பினாள். கடைசி டிஸ்க்கை வைத்தார்கள். கோடு நகர்ந்தது, பாதியைத் தாண்டியது, நிற்காமல் போனது. கடைசியில் டிஸ்க்கை முடித்து மூடவா என்று கேட்டது. மூடினால்தான் வேறு பிளேயரில் ஓடும். போன வாரத்துக்குப் பிறகு இதெல்லாம் அவன் கரைத்துக் குடித்துவிட்டான். மூடினான். வெற்றி என்று ஒரு மணி அடித்தது. ஷாந்தினி அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தெப்ராவ் சாலையில் வார இறுதி நெரிசல். சிங்கப்பூர்க் கார்களுக்கு நடுவில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. ஐயாத்துரை வீட்டில் சுவர்களெல்லாம் வெறுமையாக இருந்தன. கூடத்தில் பயணப் பெட்டிகள் வரிசையாக நின்றன. தொலைக்காட்சியும் பிளேயரும் மட்டும் கட்டப்படாமல் இருந்தன.

"வாங்கோ தம்பி. சாப்பிட்டனீங்களோ? முகமெல்லாம் வாடிப்போச்சு," என்று அன்னபாக்கியம் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"இல்லை அம்மா, ஒண்டும் வேண்டாம். நீங்க இருங்கோ," என்றாள் ஷாந்தினி. அந்த வாசற்படி ஏறியதும் அவள் பேச்சும் மாறிவிடும்.

ஐயாத்துரை கையை நீட்டினார். டிஸ்க்கை வாங்கி, தானே வைத்தார். பிளேயர் உறுமியது. திரை கறுப்பாகவே இருந்தது. 

படம் வந்தது. நாதஸ்வரம் வந்தது. அன்னபாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மகளைப் பார்க்கவேண்டும் என்று மூன்று வருஷமாகக் கணவரிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன தாய் அவர். நலங்கில் மகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "என்ர குஞ்சு," என்று மட்டும் சொன்னார்.

ஐயாத்துரை தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலில் கையை ஊன்றி, முன்னால் குனிந்து பார்த்தார். எழுந்து போகவில்லை. மாப்பிள்ளை அழைப்பு முழுவதையும் பார்த்தார். மணவறை வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கெட்டிமேளம் முழங்கியது, ஹேமநாதன் தாலி கட்டினான். அடுத்து விருந்து. வாழை இலைக்கு முன்னால் ஷாந்தினி வாய்விட்டுச் சிரித்தாள்.

ஐயாத்துரை ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"மணவறைக்கு வந்தாச்சு. உடன தாலி கட்டுது. இடையில தாரை வார்த்தது எங்க?"



"அப்பா, டிஸ்க்கில இடம் காணாது. அதால…"

"சாப்பாட்டைக் காட்ட இடம் இருந்ததோ?"

ஷாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.  ஹேமநாதன், "நான்தான் வெட்டுனேன், மாமா," என்றான். அவரை நேருக்கு நேர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நீங்க பார்த்தா மனசு கஷ்டப்படும்னு நெனச்சேன்."

"அதைப் பாக்கத்தானே கேட்டனான்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் ஹேமநாதனை என்னவோ செய்தது. ஐயாத்துரை நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தாலி கட்டினது எனக்குத் தெரியாததே? சாப்பிட்டது தெரியாததே? என்ர இடத்தில இருந்து, என்ர பிள்ளையின்ர கையைப் பிடிச்சு ஒரு மனுசர் குடுத்திருக்கிறார். அவர் எப்பிடிக் குடுத்தவர்? கடமைக்குக் குடுத்தவரோ, தன்ர பிள்ளை மாதிரி நினைச்சுக் குடுத்தவரோ? மூண்டு வருசமா படுத்தா அதுதான் வருது. ஒருக்கால் பாத்துப்போட்டன் எண்டால் நிம்மதியாப் பிளேன் ஏறுவன்."

"அவர் அழுதவர் அப்பா," என்றாள் ஷாந்தினி. விம்மல் பொத்துக்கொண்டு வந்தது. "தண்ணி விடேக்க அவருக்குக் கை நடுங்கினது."

"நீ சொல்லாத, பிள்ளை. நான் பாக்கவேணும்."

'பிள்ளை' என்றார். மூன்று வருஷத்தில் மகளைப் பார்த்து அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அன்னபாக்கியம் வாய்விட்டு அழுதார். ஐயாத்துரை மெல்ல எழுந்து ஹேமநாதனுக்கு எதிரில் வந்து நின்றார்.

"நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு வெளிக்கிடுறம். அதுக்கு முந்தி அந்தத் துண்டைக் கொண்டு வாரும், ஹேமநாதன். டிவிடி வேண்டாம். பிளேயரையும் பெட்டியில கட்டியிடுவம். உம்மட போனில எண்டாலும் பரவாயில்லை. நான் கிட்ட வைச்சுப் பாக்கிறன். காலமைச் சாப்பாடும் இஞ்சதான்."

"சரிங்க மாமா," என்றான் ஹேமநாதன். சொல்லும்போதே மின்சாரம் தாக்கியதுபோல அவனுக்கு நினைவு வந்தது. சாமி மாடத்துக்குக் கீழே, அரைத் தூக்கத்தில், 'வேண்டாதவை' பெட்டியை அவன் விரல் அழுத்திய அந்த நொடி. 

காரில் ஏறியதும் ஷாந்தினி சிரித்தாள், அழுதாள், அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"உங்க பேரச் சொன்னாருங்க! கேட்டீங்களா? சாப்பிட வரச் சொல்லிட்டாரு! நான்தான் முட்டாள். நல்லவேளை, நாளைக்குக் காட்டிரலாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க? அந்த மூணாவது பகுதி கம்ப்யூட்டர்ல இருக்குதானே?"

வாசல் விளக்கடியில் ஐயாத்துரை நின்றுகொண்டிருந்தார். இத்தனை நாளில் அவர் யாரையும் வழியனுப்ப வாசலுக்கு வந்ததில்லை. கையை உயர்த்தி ஆட்டினார்.

ஹேமநாதன் சாவியைத் திருகினான்.

"இருக்கு," என்றான்.